யூடியூபில் இருக்கிறதே, மூன்று வருடம் எதற்கு?

பக்கத்து வீட்டு அண்ணன் போன வாரம் தேயிலைக் கொழுந்து எடை போட்டுவிட்டு வரும் வழியில் நின்று கேட்டார். "ஏம்மா, பையன் டிஜிட்டல் மீடியாவும் வெப் டெக்னாலஜியும்தான் படிப்பேன்னு நிக்கிறான். அதெல்லாம் யூடியூப்லயே சொல்லித் தர்றாங்களே, அதுக்குப் போய் கோயமுத்தூர்ல ஹாஸ்டல் போட்டு மூணு வருஷம் எதுக்கு?"

நானும் அதே பாடம் படித்தவள்தான். கோத்தகிரிப் பக்கம் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

2015இல் கடைசி வருடப் புராஜெக்டுக்கு ஒரு ஹோம்ஸ்டேவுக்கான இணையதளம் செய்தேன். முகப்பில் தேயிலைத் தோட்டத்தின் பெரிய படம், 4 எம்பி. கல்லூரி லேபில் பளிச்சென்று திறந்தது, நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அப்பாவிடம் காட்ட ஆசைப்பட்டு முகவரி அனுப்பினேன். அவர் தோட்டத்தில் நின்றபடியே தன் போனில் திறந்தார். வெறும் வெள்ளைத் திரை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலையே கண்ணு" என்றார். அங்கே அப்போது 2ஜி சிக்னல்தான். நொடிக்கு 100 கிலோபிட் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 4 எம்பி (மெகாபைட்) படம் இறங்க 320 நொடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல். அந்தப் பக்கத்தில் இருந்த எழுத்து மொத்தமும் 20 கேபிகூட இல்லை. அது மட்டும் என்றால் இரண்டு நொடியில் வந்திருக்கும். மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று அவர் படித்திருப்பார்.

ஏன் அப்படி ஆனது என்று எனக்குப் புரிய வைத்தவர் ஓர் ஆசிரியை. பிரவுசருக்குள்ளேயே நெட் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதியைத் திறந்து, என் பக்கத்தை என் கண்முன்னே ஓட விட்டார். எந்தக் கோப்பு எத்தனை நொடி பிடிக்கிறது என்று வரிசையாகத் தெரிந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. தெரியாத ஒன்றை யூடியூபில் என்ன பெயர் போட்டுத் தேடியிருப்பேன்? அண்ணனுக்கு என் முதல் பதில் இதுதான்.

தமிழ் விஷயமும் அப்படித்தான். 'கோத்தகிரி' நமக்கு ஐந்து எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் தனித்தனி எண் தரும் யூனிகோடு என்ற பொதுமுறையில் அது ஒன்பது குறியீடுகள்: ககரம் ஒன்று, அதன் ஓகாரக் குறி ஒன்று, தகரம் ஒன்று, அதன் மேல் புள்ளி ஒன்று என்று போகும். அந்த எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 27. இது தெரியாதவர் ஒரு படிவத்தில் பெயருக்கு 20 என்று வரம்பு வைத்தால், நீளமான தமிழ்ப் பெயர் நடுவில் அறுபட்டு, கடைசி எழுத்து தன் துணைக்காலையோ புள்ளியையோ இழந்து நிற்கும். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டிய அறிவிப்புகள் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுவதைப் பார்க்கிறேன். போன வருடம் ஓர் அலுவலகம் பசுந்தேயிலை விலையை ஸ்கேன் செய்த படமாகப் போட்டிருந்தது. என் பெரியப்பாவுக்குப் பார்வை இல்லை, திரையில் இருப்பதைப் போன்தான் அவருக்கு வாசித்துச் சொல்லும். அந்தப் படத்தை அது வாசிக்கவில்லை. அன்றன்றைய விலையைத் தானே தெரிந்துகொள்கிற மனிதர், என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வர இ-பாஸ் வேண்டும். மலைக்கு ஏறும் வழியே ஓர் இணையப் படிவம் என்றாகிவிட்டது. படிவம் செய்கிறவர் யாரை மனதில் வைத்துச் செய்கிறார் என்பது முக்கியம் இல்லையா?

சரி, பாடத்திட்டத்தில் எனக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. ஒரு செமஸ்டர் முழுக்க, இணையப் பக்கத்தில் அசைபடம் செய்யும் ஃப்ளாஷ் என்ற கருவியைப் படித்தோம். 2020 முடிவோடு அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. ஊட்டி இந்து நகரில் பிலிம் செய்த தொழிற்சாலையை நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், 1967இல் உற்பத்தி தொடங்கிய இடம். டிஜிட்டல் வந்தபின் அந்த பிலிமுக்கு வேலை இல்லாமல் போனது. கருவிகள் இப்படித்தான் போகும். ஆனால் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் இணையப் பக்கத்தின் பழைய வடிவத்தை இன்றைக்கும் போனில் திறந்து படிக்கலாம். வெறும் எச்டிஎம்எல் (பக்கத்தின் அமைப்பைக் குறிக்கும் மொழி), எழுத்து, இணைப்பு. ஒரு செமஸ்டரை அதற்குக் கொடுத்திருந்தால் என் அப்பா அன்றைக்கு வெள்ளைத் திரையைப் பார்த்திருக்க மாட்டார்.

ஏஐ கேட்டதும் பக்கம் செய்து தருகிறதே என்றும் அண்ணன் கேட்டார். தரும். அது கோத்தகிரி மலைப்பாதையின் குஞ்சப்பனை வளைவில் பஸ்ஸுக்குள் திறக்குமா, பெரியப்பாவின் போன் அதை வாசிக்குமா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக அண்ணன் மகன் வரட்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கேட்கச் சொல்லி அவனுக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் வருடத்தில் எச்டிஎம்எல்லைக் கையால் எழுத வைப்பார்களா? தமிழில் ஒரு படிவமாவது செய்யச் சொல்வார்களா? செய்த பக்கத்தை லேபுக்கு வெளியே, ஒரு பழைய போனில் திறந்து பார்ப்பார்களா? இந்தப் பாடத்தை இப்போது படிக்கிற தம்பி தங்கைகள், உங்கள் கல்லூரியில் எப்படி என்று சொல்லுங்கள். அவன் அடுத்த வாரம் விண்ணப்பம் போடுகிறான்.