உழவர் சந்தைக் காயெல்லாம் இயற்கைக் காயா?

“உழவர் சந்தையில் மருந்தடிக்காத இயற்கைக் காய்கறிக்கு மட்டுமே அனுமதி. கத்தரிக்காயில் புழு இருந்தால் அதுவே சாட்சி, கழுவாமலே சமைக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1999-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோதே நோக்கம் தெளிவானது: இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்பது. அடையாள அட்டை, விற்பவர் விவசாயி என்பதற்குத்தான் அத்தாட்சி. மருந்தடிக்கவில்லை என்பதற்கு அல்ல. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். சந்தேகம் இருந்தால் சந்தையிலேயே உள்ள நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

புழு விஷயம்தான் ஆபத்தானது. கத்தரியின் காய்த்துளைப்பான் புழு காய்க்குள் புகுந்துவிட்டால் தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. அதனாலேயே பலர் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள். ஓட்டையுள்ள காயிலும் மருந்து படிந்திருக்கலாம். எந்தக் காயானாலும் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

இயற்கைக் காய்தான் வேண்டுமென்றால், சான்று இருக்கிறதா என்று விற்பவரிடமே கேளுங்கள். பொட்டலத்தில் வருவதற்கு, இயற்கை விளைபொருளைக் காட்டும் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் பாருங்கள்.

பறித்த சூட்டோடு வரும் கீரைக்காகவும் நியாயமான விலைக்காகவும் உழவர் சந்தைக்குத் தாராளமாகப் போகலாம், நானும் அங்கேதான் வாங்குகிறேன். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். குடும்பக் குழுவில் வந்திருந்தால் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.