ஐ.நா. 1325ஆம் தீர்மானத்தில் தொடங்கியது அல்ல

அண்ணை, பெண்களின் சர்வதேச சமாதான இயக்கத்தை 2000இல் ஐ.நா., பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றிய 1325ஆம் தீர்மானத்தால் தொடங்கியது, நாட்டுக் கிளைகள் மேலிருந்து வந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை. 1915 ஏப்ரலில், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜெர்மனி, பிரிட்டன் உட்பட 12 நாட்டுப் பெண்கள் ஆயிரத்துக்கு மேல் ஹேக் நகரில் கூடினார்கள். பிரிட்டனிலிருந்து வர இருந்த 180 பேரளவில், பெரும்பாலானோருக்கு அரசு கடவுச்சீட்டு மறுத்ததாலும் கப்பல் ஓட்டத்தை நிறுத்தியதாலும் 3 பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அனுமதி கிடைத்தும் கப்பலில்லாமல் துறைமுகத்தில் நின்றவர்களை நினைத்தாலே மனம் கனக்கிறது. பிறகு அவரவர் நாட்டில் குழுக்கள் அமைத்து, 1919இல் சூரிச்சில் தங்கள் அமைப்புக்குச் சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான பெண்களின் சர்வதேசச் சங்கம் (WILPF) என்று நிரந்தரப் பெயர் வைத்து, ஜெனீவாவைத் தலைமையகமாக்கினார்கள்.

சரி, இங்கேயே பாருங்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு குந்தியிருந்த அம்மாக்களை யார் அனுப்பினது? வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அம்மாக்கள் தாங்களாகத்தான் கொட்டில் போட்டார்கள்.