‘ராலேது’ தெரிந்தவருக்கு ‘டிட் நாட்’ ஏன் கஷ்டமாக இருக்கிறது?

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனம் பக்கம் நடந்தால், ஜாவா, பைத்தான் பயிற்சிப் பலகைகளுக்கு நடுவே ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகைகளும் கண்ணில் படும். கரீம்நகரிலிருந்தும் கர்னூலிலிருந்தும் வேலை தேடி வரும் பிள்ளைகள் பணம் கட்டிச் சேர்கிறார்கள். பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையைப் போர்டில் எழுதிவிடுவார்கள். மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நாலு வகை. அதை வரி விடாமல் மனப்பாடம் செய்த பையன் இன்டர்வியூவில் போய் ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்றுக்கொடுத்த விதம்தான் கோளாறு.

தெலுங்குக்காரருக்கு ஆங்கில இலக்கணத்தைத் தெலுங்கு இலக்கணத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. வாக்கியத்துக்கு வாக்கியம் தெலுங்கில் அர்த்தம் சொல்வது வேறு, அது ஏற்கெனவே நடக்கிறது. அவர்கள் வாயில் தினமும் புழங்கும் இலக்கணத்தை எடுத்துக் காட்டுவதைச் சொல்கிறேன்.

அந்த ‘டிட் நாட்’டையே எடுத்துக்கொள்வோம். வந்தேன் என்பதற்குத் தெலுங்கில் ‘வச்சானு’. வரவில்லை என்றால் ‘ராலேது’. எதிர்மறை வந்ததுமே ‘வச்சா’ என்ற இறந்தகால வடிவம் ஓடிப்போய், வெறும் ‘ரா’ நிற்கிறது பாருங்கள். நேனு ராலேது, வாடு ராலேது, ஆமெ ராலேது. ஆள் மாறினாலும் வினை அசையாது. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: ‘கேம்’ போய்விடும், ‘டிட் நாட்’டுக்குப் பக்கத்தில் மொட்டையாகக் ‘கம்’ நிற்கும், யாராக இருந்தாலும் அப்படியே. ‘நீ வச்சாலேது என்று சொல்வாயா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே சிரிக்கும். அப்புறம் ‘டிட் நாட் வென்ட்’ ஏன் தப்பு என்று விளக்கவே வேண்டாம்.

இந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன். நம் ‘வரவில்லை’ நேற்றைக்கும் பொது, இந்த நிமிஷத்துக்கும் பொது. தெலுங்கில் நேற்று வராதது ‘ராலேது’, இப்போது வந்துகொண்டிருக்காதது ‘ராவட்லேது’. ‘டிட் நாட் கம்’, ‘இஸ் நாட் கமிங்’ என்ற பிரிவு அவர்கள் மொழியிலேயே தயாராக இருக்கிறது.

‘ஹி’, ‘ஷி’ வந்தால் வினையில் ஒட்டும் ‘எஸ்’ஸும் இப்படித்தான். அதை ஏதோ வினோத விதி மாதிரி பயமுறுத்துகிறார்கள். வஸ்தானு (வருவேன்), வஸ்தாவு (வருவாய்), வஸ்தாடு (வருவான்), வஸ்துந்தி (வருவாள்) என்று ஆளுக்கு ஒரு விகுதி போடுகிறவருக்கு, ஆங்கிலத்தில் அதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று சொன்னால் முடிந்தது.

நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘ரோஜூ வஸ்தானு’ என்றால் தினமும் வருவது, ‘ரேபு வஸ்தானு’ என்றால் நாளை வருவது. இரண்டுக்கும் ஒரே வினை. (நாமும் பேச்சில் ‘தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்றுதானே சொல்கிறோம்.) ஆங்கிலம் இங்கே ‘கம்’, ‘வில் கம்’ என்று பிரிக்கிறது. ஆசிரியர் நின்று நிதானமாகப் பயிற்சி கொடுக்கவேண்டிய இடம் இது. ஆனால் அட்டவணையில் இதற்கும் ஒரு கட்டம்தான், யாரும் பேசாத ‘ஷல் ஹேவ் பீன்’ வகைக்கும் ஒரு கட்டம்தான்!

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. வெள்ளைக்காரருக்குத் தெலுங்கு தேவைப்பட்ட காலத்தில், 1816இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று அப்போதைய சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதிய குறிப்பு அதன் முன்னுரையோடுதான் வெளியானது. 1840இல் இன்னொரு கம்பெனி அதிகாரியான சி. பி. பிரவுனின் தெலுங்கு இலக்கணம். வெள்ளைக்காரர் கற்க அவர்கள் மொழியிலேயே விளக்கிய புத்தகங்கள் இவை. எதிர்த்திசையில், தெலுங்குப் பிள்ளைக்காகத் தெலுங்கிலிருந்து கிளம்பும் ஆங்கில இலக்கணம் என்று கடைகளில் நான் புரட்டியவை பலவும், ஆங்கில இலக்கணத்துக்குத் தெலுங்கு எழுத்தில் சட்டை மாட்டியவைதான். ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே 1958இல் மத்திய நிறுவனம் தொடங்கியதும் இதே ஹைதராபாத்தில் என்பது கூடுதல் எரிச்சல்.

ஆந்திராவில் 2019இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழியைக் கட்டாயமாக்க உத்தரவு போட்டார்கள், 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தெலுங்கா ஆங்கிலமா என்று டிவியில் ஒரே கூச்சல். பிறகு ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று இருமொழிப் பாடநூல்கள் வந்தன. நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எதிரெதிரே இரண்டு வாக்கியம் இருந்தால் போதாது. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று விரல் வைத்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

‘ஆங்கிலத்திலேயே யோசி’ என்கிற கோச்சிங் சென்டர் உபதேசம் இருக்கிறதே, அது ஆங்கிலம் வந்த பிறகு தானாக நடக்கும். வராதவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

சரி, எல்லாவற்றுக்கும் தெலுங்கு கைகொடுக்குமா என்றால், கொடுக்காது. ‘ஏ’, ‘தி’ விவகாரத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே மாதிரி கையை விரித்துவிடும். நம் ‘ஒரு’ மாதிரியான தெலுங்கு ‘ஒக’வை வைத்து ‘ஏ’யைக் கொஞ்சம் சமாளிக்கலாம், ‘தி’க்கு நிறைய வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சித்தூர், நெல்லூர்ப் பக்கம் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் நண்பர்கள் வேறு ஏதாவது உபாயம் வைத்திருந்தால் சொல்லுங்கள்.