எனக்குப் பிரான்ஸுக்கு வர இஷ்டமில்லை

கடல் தாண்டி இருக்கும் தன் அப்பாவுக்கு ஒரு சிறுமி எழுதிய கடிதம் ஒரு வாரமாக என்னை விடவில்லை. சின்னக் கடிதம்தான். உங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, நீங்களும் அக்காவும் சுகம்தானே என்று ஆரம்பிக்கிறாள். அப்புறம் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறாள். நீங்கள் என்னை வரச் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது, எனக்குப் பிரான்ஸுக்கு வர இஷ்டமில்லை, நான் எப்ஸ் சித்தியோடவே இருந்துவிடுகிறேன்.

அந்த அப்பா தாமஸ் ஜெஃபர்சன். 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பிறகு பிரான்ஸில் தூதர், 1801 முதல் 1809 வரை ஜனாதிபதி. மகள் பெயர் மேரி. சின்ன வயதில் எல்லோருக்கும் அவள் பாலி, பிரான்ஸுக்குப் போய் வந்தபின் மரியா.

குடியரசு பிறந்த காலத்தில் வர்ஜீனியா நிலக்கிழார் குடும்பங்கள் எழுதிக்கொண்ட கடிதங்களை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமே ஏற்றி வைத்திருக்கிறது. ஜெஃபர்சன் ஒருவரே வாழ்நாளில் சுமார் 19,000 கடிதங்கள் எழுதியிருக்கிறார். வந்தது, போனது எல்லாவற்றையும் 1783 முதல் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டே வந்தார், அது மட்டும் 656 பக்கம். பிள்ளைகளுக்கு அவர் எழுதியவற்றை எடுத்துப்போட்டு, அப்பா என்றால் இப்படி இருக்கணும் என்று பாராட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளம் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாலியை ஏன் கூப்பிட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1782இல் மனைவி மார்த்தா இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து, அம்மா பெயரையே வைத்திருந்த மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு ஜெஃபர்சன் பாரிஸ் போனார். பாலியையும் இரண்டு வயது லூசியையும் மனைவியின் தங்கை எலிசபெத் எப்ஸ் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்த அக்டோபரில் அந்த வீட்டில் கக்குவான் இருமல் புகுந்தது. சித்திக்கும் லூசி என்றொரு மகள் இருந்தாள். ஒரே வாரத்தில் இரண்டு லூசிகளும் போய்விட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் கையில் வந்த வேறொருவர் கடிதத்தில் 1785 ஜனவரிக் கடைசியில் பாரிஸுக்குச் சேதி எட்டியது. சித்தி தன் கையால் எழுதியது மே மாதம்தான் வந்து சேர்ந்தது. பிள்ளையைப் புதைத்து ஏழு மாதம் ஆனபின், அவள் எப்படிச் செத்தாள் என்று அந்தச் சித்தி அழுது எழுதியதை அப்பா உட்கார்ந்து படிக்கிறார்.

அதற்குப் பிறகு, மிச்சமிருக்கும் குழந்தையையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளணும் என்று அந்த மனிதர் தவித்தது நியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கூப்பிட்ட விதத்தைப் பாருங்கள். 1785 செப்டம்பரில் பாலிக்கு எழுதுகிறார். இங்கே வந்தால் வேண்டிய மட்டும் பொம்மைகள், இசை படிக்கலாம், நடனம், ஓவியம், பிரெஞ்சு எல்லாம் கற்கலாம். அதே தாளில், தொப்பி போடாமல் வெளியே போகாதே, போனால் அசிங்கமாகிவிடுவாய், அப்புறம் உன்மேல் எங்களுக்கு இத்தனை பிரியம் இருக்காது என்றும் எழுதுகிறார்.

எனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அந்த வரி வந்ததும் மேலே படிக்க முடியாமல் போனை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பாலி மசியவில்லை. கடைசியில் 1787 மே மாதம் ஏமாற்றித்தான் அனுப்பினார்கள். சித்தி பிள்ளைகளும் கப்பலில் ஏறி அவளோடு விளையாடியிருக்கிறார்கள். அவள் அசந்து தூங்கியதும் எல்லோரும் இறங்கிவிட, கப்பல் கிளம்பிவிட்டது. லண்டனில் அபிகேல் ஆடம்ஸ் வீட்டில் இறங்கினாள். அபிகேலின் கணவர் ஜான் ஆடம்ஸ் அப்போது இங்கிலாந்துக்கான தூதர். மகளை அழைத்துப்போக ஜெஃபர்சன் வரவில்லை. பெத்தி என்ற பிரெஞ்சுப் பணியாளை அனுப்பினார். அபிகேல் பாரிஸுக்கு எழுதிய கடிதத்தில் பாலி சொன்னது அப்படியே இருக்கிறது. வர்ஜீனியாவில் எல்லோரையும் விட்டுவிட்டு உங்களைப் பார்க்கக் கடல் தாண்டி வந்திருக்கிறேன், நீங்களே சிரமப்பட்டு இங்கே வந்து என்னைக் கூட்டிப்போவீர்கள் என்று நினைத்தேன், நான் பேசுவது புரியாத ஒரு ஆளை அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை.

அந்தக் கப்பலில் பாலிக்குத் துணையாக வந்த பெண்ணுக்கு வயது 14. பெயர் சாலி ஹெம்மிங்ஸ். ஜெஃபர்சன் வீட்டு அடிமை. அவளுடைய அப்பாவும் ஜெஃபர்சன் மனைவியின் அப்பாவும் ஒருவரே என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படியானால் எலிசபெத் எப்ஸை எந்த முறையில் நான் சித்தி என்று எழுதினேனோ, அதே முறையில் சாலியும் பாலிக்குச் சித்தி. நம் மொழியில் உறவை எழுத உட்கார்ந்தால் இதை மறைக்க வழியே இல்லை. அந்த வீட்டுக் கடிதங்களில் ஒரு சித்தி 'எப்ஸ் சித்தி' என்று வருகிறார். இன்னொரு சித்தி எழுதியதாக ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை.

மூத்தவள் பாட்ஸி கதை வேறு. 1783 நவம்பரில், பதினொரு வயதில், அவளைப் பிலடெல்பியாவில் ஒரு குடும்பத்தில் விட்டுவிட்டு ஜெஃபர்சன் கால அட்டவணை அனுப்புகிறார். எட்டிலிருந்து பத்துவரை இசைப் பயிற்சி. பத்திலிருந்து ஒன்றுவரை ஒருநாள் நடனம், மறுநாள் ஓவியம். ஒன்றிலிருந்து இரண்டுவரை ஒருநாள் ஓவியம், மறுநாள் கடிதம். மூன்றிலிருந்து பிரெஞ்சு, நாலிலிருந்து மறுபடி இசை, ஐந்திலிருந்து தூங்கும்வரை ஆங்கிலம். ஒரு சொல்லைக்கூட எழுத்துப்பிழையோடு எழுதாதே. நீ நல்லவளாகத் தேறுவதில்தான் என் சந்தோஷத்தை வைத்திருக்கிறேன். அம்மாவைப் புதைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாட்ஸி சொன்னபடி வளர்ந்தாள், வாழ்நாள் முழுக்க அப்பாவின் வலதுகையாக இருந்தாள்.

தங்கை அப்படி இல்லை. 1790இல் ஜெஃபர்சன் வெளியுறவு அமைச்சராக நியூயார்க்கில் இருக்கிறார். இரண்டு மகள்களுக்கும் மூத்த மருமகனுக்கும் வாரம் ஒருவராக முறைவைத்து எழுதுவார். அவர்களும் முறைவைத்துப் பதில் போட வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு கடிதம், ஒரு ஆளுக்கு. அதுவும் வராமல் போவதுண்டு. ஏப்ரலில் மரியாவுக்குக் கேள்விமேல் கேள்வி. தினமும் சூரியன் உதிப்பதைப் பார்க்கிறாயா, டான் கிஹோத்தே நாளைக்கு எத்தனை பக்கம் படிக்கிறாய், புட்டிங் செய்யத் தெரியுமா, கீரை விதைக்கத் தெரியுமா, கோழியை அடைகாக்க வைக்கத் தெரியுமா? எந்தப் பறவை என்றைக்கு வந்தது என்பதையும் அவருக்குக் குறித்து அனுப்ப வேண்டும்.

ஜூனில் ஜெஃபர்சன், இங்கே குருவிகள் ஏப்ரல் 21ஆம் தேதி வந்தன, அங்கே எப்போது வந்தன என்று தேதி போட்டுக் கேட்டார். மரியா பதில் எழுதினாள். பட்டாணி எப்போது வந்தது, ஸ்ட்ராபெரி எப்போது வந்தது என்று சொல்லிவிட்டு, குருவிகள் பற்றிக் கேட்டீர்கள், நான் என் கோழிக்குஞ்சுகளிலேயே மூழ்கிப்போனதில் அவற்றைக் கவனிக்கவே இல்லை, எப்போது வந்தன என்று என்னால் சொல்ல முடியாது என்கிறாள்.

அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கோழி அடைகாக்க வைக்கத் தெரியுமா என்று கேட்டவருக்கு, கோழிதான் என் உலகம், உங்கள் பட்டியல் இல்லை என்று அந்தச் சின்னப் பெண் சொல்கிறாள்.

மரியா கடிதம் எழுதச் சோம்பேறி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு கடிதமும் திருத்தப்படும், எழுத்து, அழகு, கணக்கு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்த பிள்ளை பேனாவை எடுக்கத் தயங்கத்தான் செய்யும். 1808இல் பேத்தி கொர்னீலியா ஒன்பது வயதில் முதல் கடிதம் எழுதியபோதும் இதேதான் நடந்தது. எழுதக் கற்றுக்கொண்டாயே என்று மனசார வாழ்த்துகிறார், கையோடு நிறுத்தற்குறி போடவில்லை என்பதையும் எடுத்துச் சொல்லிப் பாடம் நடத்துகிறார்.

அவர் அன்பில்லாதவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1804 ஏப்ரலில் மரியா இருபத்தைந்து வயதில் இறந்தபோது, பிறர் தம்மிடம் நிறைய இருப்பதிலிருந்து இழக்கிறார்கள், நானோ இருந்ததே கொஞ்சம், அதில் பாதியை இழந்துவிட்டேன் என்று நண்பருக்கு எழுதினார். 1800 தேர்தலில் ஜெஃபர்சன் ஜான் ஆடம்ஸைத் தோற்கடித்த பிறகு அந்த இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அப்படியிருந்தும் அபிகேல் துக்கம் விசாரித்து எழுதினார். 17 வருடத்துக்கு முன் லண்டனில் தன்னைவிட்டுப் பிரியும்போது அந்தக் குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் உங்களை நேசிக்கக் கற்றுக்கொண்டேன், ஏன் என்னைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள் என்று அழுததை அவர் மறக்கவில்லை. அரசியல் பகையைத் தாண்டி அபிகேலை எழுதவைத்தது அந்த அழுகைதான். மரியா நமக்கு அதிகம் கிடைப்பதே இப்படி அடுத்தவர் கடிதங்களில்தான்.

அப்பாவின் பக்கம் இத்தனை கடிதம் மிஞ்சியதற்குக் காரணம் அன்பு மட்டும் இல்லை. 1792 தபால் சட்டப்படி ஒரு தாள் 30 மைல் போக 6 சென்ட், 450 மைலைத் தாண்டினால் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. உறையும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் கடிதத்தையே மடித்து அரக்கு வைப்பார்கள். பெரும்பாலும் காசு கொடுப்பது வாங்குகிறவர். அரசுப் பதவியில் இருந்தவர்களுக்கோ தபால் இலவசம். ஜெஃபர்சனிடம் நகலெடுக்கும் அச்சு இருந்தது. 1804 முதல், ஒரு பேனாவோடு இன்னொரு பேனாவும் சேர்ந்து எழுதும் பாலிகிராஃப் என்ற கருவியும் இருந்தது. எது மிஞ்ச வேண்டும் என்று தீர்மானிக்கும் வசதியும் இருந்தது. அவரும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதம் ஒன்றுகூட இன்று இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தபின் மார்த்தா வாஷிங்டனும் தங்கள் இருவர் கடிதங்களையும் எரித்துவிட்டார், மிஞ்சியது ஒருசில மட்டுமே.

அதே குவியலுக்குள் ஹன்னா இருக்கிறார். ஜெஃபர்சனின் பாப்லர் ஃபாரஸ்ட் பண்ணையில் வீட்டைப் பார்த்துக்கொண்ட அடிமைப் பெண். 1818 நவம்பர் 15ஆம் தேதி எஜமானுக்கு எழுதுகிறார். உங்கள் வீடும் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன, உடம்பு சரியில்லாமல் நீங்கள் வரமுடியாதது கேட்டு வருந்தினேன். அதற்குப் பிறகு, காப்பாற்றியது கடவுள், வேறு யாரும் இல்லை, அவருக்கு நாம் நன்றியோடு இருக்க வேண்டும், அவர் கட்டளைப்படி நடக்க வேண்டும் என்று அவருக்கே அறிவுரை சொல்கிறார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதியவருக்கு, சட்டப்படி அவர் சொத்தாக இருந்த ஒரு பெண் புத்தி சொல்லி எழுதிய கடிதம். அதில் நிறுத்தற்குறி பெரும்பாலும் கிடையாது. 19,000 கடிதங்களுக்கும் ஈடாக இந்த ஒன்றை வைப்பேன்.

1825 மே மாதம் பேத்தி எல்லன், ஜோசப் கூலிட்ஜைக் கல்யாணம் செய்துகொண்டு பாஸ்டன் போனாள். அவளுக்காக ஜான் ஹெம்மிங்ஸ் ஒரு எழுதுமேசை செய்து கொடுத்தார். அவர் ஜெஃபர்சனின் வீடும் பண்ணையுமான மாண்டிசெல்லோவின் தச்சர், அடிமை, சாலியின் தம்பி. எழுதப் படிக்கத் தெரிந்தவர். எல்லனின் சாமான் ஏற்றிவந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டது. மேசை, சிறுவயதுக் குறிப்புகள், கடிதங்கள், புத்தகங்கள் எல்லாம் போயின. நவம்பரில் ஜெஃபர்சன் ஆறுதல் எழுதினார். உன் வாழ்க்கையை இரண்டாக வெட்டியது போல, முந்தையதற்கு ஒரு பதிவும் இல்லாமல் புதியதைத் தொடங்க வேண்டியிருக்கிறதே என்றார். அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. பதிவில்லாத வாழ்க்கை எப்படி வலிக்கும் என்று அவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அவர் வீட்டுக்குள்ளேயே எத்தனை பேர் அப்படி வாழ்ந்தார்கள்! அவர் இறந்து ஆறு மாதத்தில், 1827 ஜனவரியில், மாண்டிசெல்லோவின் 130 அடிமைகளை விற்க ஏலம் போட்டார்கள். உயிலில் விடுதலை பெற்றவர்கள் ஐந்து பேர், ஜான் ஹெம்மிங்ஸ் அவர்களில் ஒருவர்.

போன மேசைக்கு ஈடாக, சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தன் சொந்தச் சிறு மேசையை எல்லன் வீட்டுக்கு ஜெஃபர்சன் அனுப்பிவைத்தார். 1880இல் அந்தக் குடும்பம் அதை நாட்டுக்குக் கொடுத்தது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே கடிதத்தில் ஜானைப் பற்றியும் எழுதுகிறார். போன சாமான்களில் மற்றதெல்லாம் அவருக்கு ஒன்றுமே இல்லையாம், அந்த மேசைதான் எல்லாமாம். இன்னொன்று செய்யமுடியாதா என்று ஜெஃபர்சன் கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டது, அது எப்படி இருந்தது என்ற ஞாபகமும் போதவில்லை.