ஆரஞ்சு ஸ்லைடரில் இருந்து கையை எடுங்கள்

படத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிய கையோடு முகத்தை வெளுக்க வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் வேரோடிப் போய்விட்டது. செங்கோட்டையில் பார்த்தாலும் அப்படித்தான், புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலைக்கு அந்தப் பக்கம் போனாலும் அப்படித்தான். கல்யாண ஆல்பத்தில் நாலைந்து பக்கம் கருப்பு வெள்ளையில் வைப்பது இப்போது வழக்கம். அந்தப் பக்கங்களில் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும், காலமெல்லாம் வயலில் நின்ற தாய்மாமனுக்கும் ஒரே முகநிறம். கண்ணீர் அஞ்சலி பேனரில் இன்னும் மோசம். கன்னம் எங்கே முடிகிறது, மூக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வெளுப்பு. ஊரே பார்த்துப் பழகிய முகத்தை, ஊர் கடைசியாகப் பார்க்கும் படத்தில் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுகிறோம்.

ஆளுக்கு ஆள் ரசனை என்று இதை விட்டுவிட என்னால் முடியவில்லை. தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் கேமராவோடு அலைகிறவன் நான். கருப்பு வெள்ளைப் படத்தை மனதார நேசிக்கிறவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கும்போது எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். நாம் செய்யாவிட்டால் மென்பொருள் செய்யும். தொலைக்காட்சிக் காலத்தில் இருந்து வரும் கணக்கு ஒன்று உண்டு: சிவப்புக்கு 30 விழுக்காடு, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. நம் கண்ணுக்குப் பச்சை கூடுதல் வெளிச்சமாகவும் நீலம் மங்கலாகவும் தெரிவதால் இந்தப் பங்கீடு. இந்தக் கணக்கில் மாற்றினால் முகம் ஏறக்குறைய நேரில் பார்க்கிற மாதிரியே வரும்.

படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் கருப்பு வெள்ளைக்குப் போனதும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று எட்டு ஸ்லைடர் வரிசையாக வந்து நிற்கும். மனிதத் தோல், அது எந்த நாட்டுத் தோலாக இருந்தாலும், பெரும்பாலும் ஆரஞ்சுக்குள்தான் விழும். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சுவதுதான் காரணம். ஆகவே ஆரஞ்சை வலப்பக்கம் இழுத்தால் போதும். சட்டை, சுவர், மரம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், முகம் மட்டும் வெளுக்கும். சிவப்பு ஒளியில் தோல் வழுவழுப்பாகத் தெரியும் என்பதால் பருவும் தழும்பும் சுருக்கமும் கூடவே அடங்கிவிடும். ஒரு விரல் வேலை. வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

இழப்பது என்ன? வெளுத்த தோலில் முகத்தின் மேடுபள்ளத்தை நிழல் காட்டும். கறுத்த தோலில் அதைக் காட்டுவது மினுக்கம். நெற்றியில், கன்ன எலும்பின் மேல், மூக்குத் தண்டில், கீழுதட்டில் ஒளி பட்டு மின்னுகிற இடங்கள்தான் அந்த முகத்தின் வடிவம். தோலின் அடிச் சாம்பலை மேலே ஏற்றினால் மினுக்கத்துக்கும் தோலுக்கும் இருந்த தூரம் குறைந்து, இரண்டும் ஒன்றாகிவிடும். முகம் தட்டையாகப் போவது அங்கேதான். வெளுக்க வைத்தால் அழகு கூடும் என்று நினைத்துச் செய்வது, அந்த முகத்துக்கு இருந்த அழகை அடியோடு எடுத்துவிடுகிறது.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த ஆசை அதற்கு ரொம்ப முந்தியது. பிலிமுக்கு முன்னால் படம் பதிந்த தொடக்ககாலப் பிளேட்டுகளுக்கு நீல ஒளிதான் தெரியும். 1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த படங்கள் அந்தக் காலத்து முறையில் வந்தவை. நீலம் மட்டும் தெரிகிற பிளேட்டில் வானம் வெறும் வெள்ளையாகும், சிவப்பு கலந்த தோல் இருப்பதைவிட இருட்டாகும். சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களுக்கும் பிளேட்டைப் பழக்கலாம் என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஃபோகல் 1873இல் கண்டுபிடித்தார். எல்லா நிறமும் தெரிகிற பான்க்ரோமாட்டிக் பிளேட்டு கடைக்கு வந்தது 1906இல். அதற்கு முன்னால் நம் ஆட்களை ஸ்டுடியோவில் உட்கார வைத்தவர்களுக்கு இது உண்மையிலேயே சிக்கலாக இருந்திருக்கும். முகத்துக்குப் பவுடர், நெகட்டிவுக்குப் பென்சில். நெகட்டிவில் முகம் விழுந்த இடத்தில் கூரான பென்சிலால் மெல்லத் தீட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். டச்சிங் என்று அதற்குப் பெயர். அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் பிலிம் சரியாகி நூறு வருஷம் தாண்டிய பிறகும் டச்சிங் போகவில்லை என்றால், குறை பிலிமில் மட்டும் இல்லை.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சியோடும் இருந்த ஊர். இங்கே பழைய வீடுகளில் அந்தக் காலத்துப் படங்கள் இன்னும் தொங்குகின்றன. திருவிதாங்கூர் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த சக்கரியாஸ் டிக்ரூஸ் எடுத்த கோயில், அருவி, அரண்மனைப் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு இருக்கும் மதிப்பு, பெயர் தெரியாத ஒரு சிற்றூர் ஸ்டுடியோக்காரர் எடுத்த குடும்பப் படத்துக்கும் உண்டு என்பது என் எண்ணம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேர்த்து வைத்திருப்பது அதனால்தான் பெரிய காரியம்.

எடுக்கும் இடத்துக்கு வருகிறேன். ஆனி, ஆடிச் சாரல்தான் எனக்குப் பிடித்த நேரம். மேகம் மலையை விட்டு இறங்கி, வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்து மெதுவாக வரும். தெருவில் நிற்கிற ஆளின் முகத்தில் கண்குழி இருட்டாகாது. ஆனால் வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரமான 18 விழுக்காட்டுச் சாம்பலாக்கத்தான் மீட்டர் பார்க்கும். கறுத்த முகம் பிரேமை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டி வெளுக்க வைக்கும். அதே ஆள் வெள்ளை வேட்டி சட்டையில் முழு உருவமாக நின்றால் வேட்டியைப் பார்த்துப் பயந்து முகத்தைக் கரியாக்கும். வேட்டியின் மடிப்பு தெரிகிற அளவுக்கு எக்ஸ்போஷரை வையுங்கள், முகத்தைப் பிறகு தனியாகத் தூக்கிக்கொள்ளலாம். அதற்கு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைல் வேண்டும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், 14 பிட் ரா ஃபைலில் 16,384 படி. கறுத்த தோலின் நுணுக்கமெல்லாம் அந்தக் கீழ்ப்படிகளில்தான் இருக்கிறது. கேமராவிலேயே மோனோக்ரோம் வைத்து ஜேபெக்காக எடுத்தால் நிறம் திரும்ப வராது, எந்த நிற ஸ்லைடரும் வேலை செய்யாது.

அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, சாம்பலைப் படிகளாகப் பிரிக்கிற ஸோன் முறையைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10. வெயிலில் வெள்ளைக்காரத் தோல் 6இல் வரும், கறுத்த தோல் 5இல் வரும் என்று அதில் உண்டு. எங்கள் பக்கத்து முகங்களை நான் 4க்கும் 5க்கும் நடுவில் வைக்கிறேன். கன்ன மினுக்கம் 7 வரை ஏறட்டும். அந்த இரண்டரைப் படித் தூரம் இருந்தால் முகம் உயிரோடு இருக்கும்.

இதை நான் கற்றது ரப்பர் தோட்டத்தில். ஆரியங்காவுப் பக்கம் பால் வெட்டும் வேலையில் நம் ஆட்கள் நிறைய உண்டு. விடிந்தும் விடியாத நேரம், ஈரப் பட்டை, கத்தி போன தடத்தில் பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டும். அதைப் பிடித்திருக்கும் கை கறுப்பு. பச்சை வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் விழுந்து வண்ணப் படத்தில் தோல் நோய் பிடித்த மாதிரி தெரியும். கருப்பு வெள்ளையில் அந்தப் பச்சை போய், பாலும் பட்டையும் கையும் மட்டும் நிற்கும். அந்தக் கையை வெளுக்க வைத்துப் பாருங்கள், பால் வெள்ளையாகவே தெரியாது. (தென்மலைக்குப் போகிற வழியில் பதின்மூன்று கண் பாலத்தை வானத்தைக் கறுப்பாக்கி எடுத்துப் போடாத ஆளே இல்லை. நல்ல படம்தான். அந்த உழைப்பில் பாதியை 1904இல் வந்த அந்த ரயில் பாதையைப் பராமரித்த கேங்மேன் முகத்துக்குக் கொடுத்திருக்கலாம்.)

பால்வெட்டுக்காரியாகவே வாழ்ந்து முடிந்த ஒரு அம்மாவின் படத்தை அவர் மகளுக்காக அச்சிட்டேன். மகள் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணாச்சி, அம்மையக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்களேன்."

"நீங்க பாத்த அம்மை வெளுப்பாவா இருந்தாவ?"

"இல்லதான். ஆனா பொண்ணு பாக்க வருவாவல்லா. சொவர்ல இத பாத்தா எம்பிள்ளைக்கும் இந்த நெறந்தான்னு பேசுவாவ."

எனக்குப் பதில் இல்லை. இரண்டு விதமாகவும் அச்சிட்டுக் கொடுத்தேன். வெளுத்தது முன்னறைச் சுவருக்குப் போனது, கறுத்ததை அவர் பீரோவுக்குள் வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணால் தன் அம்மாவைப் பார்க்கும்படி அவரை வைத்திருக்கிறோமே, கோபம் அதன் மேல்தான். படம் எடுக்கிறவனுக்கு இதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஊரில் இருக்கிற படமெல்லாம் வெளுப்பாக இருந்தால், உள்ளபடி எடுத்த ஒரு படம் குறை சொல்வது போலத் தெரியும். நாலு வீட்டில் உள்ளபடி தொங்கினால் அப்படித் தெரியாது.

இப்போது புதிதாக இன்னொன்று. தாத்தா ஆச்சி படத்தைச் செயலியில் போட்டு வண்ணமாக்குவது. கருப்பு வெள்ளைப் படத்தில் மிச்சம் இருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டும்தான். அரக்குச் சேலையும் கரும்பச்சைச் சேலையும் ஒரே சாம்பலாக விழலாம். செயலி தான் பார்த்துப் பழகிய படங்களை வைத்து ஊகிக்கிறது. என்னிடம் வந்து காட்டியவற்றில் ஆச்சிகளெல்லாம் கோதுமை நிறமாக, நீலச் சேலையில் இருந்தார்கள். அந்த ஊகத்தை அடுத்த தலைமுறை ஆச்சியின் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். தயவு செய்து மூலப் படத்தை முதலில் ஒழுங்காக ஸ்கேன் செய்து வையுங்கள். படம் கருப்பு வெள்ளைதான் என்றாலும் கலர் மோடில், 600 டிபிஐக்குக் குறையாமல், 16 பிட்டில், டிஃப் கோப்பாக. ஏன் கலர் மோடு என்றால், அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிச் சேனலாகக் கிடைக்கும்; மஞ்சள் கறை சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். படமே மஞ்சளித்து மங்கியிருந்தால் நீலச் சேனலில் உருவம் அழுத்தமாகக் கிடைக்கும். கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தால் இந்த இரண்டு வழியும் அடைபடும். எங்கள் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்கவே கூடாது, உருவம் பதிந்திருக்கிற ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலேயே, பக்கவாட்டு வெளிச்சத்தில், கேமராவால் படமெடுங்கள்.

அச்சும் சுவரும் மிச்சம். கல்யாண ஆல்பம் அடிக்கிற கலர் பேப்பரிலேயே கருப்பு வெள்ளையையும் அடித்தால் சாம்பலில் பச்சையோ ரோஸோ ஏறி வரும். முடிந்தவர்கள் கருப்போடு சாம்பல் மைகளும் தனியாக உள்ள பிக்மென்ட் இங்க்ஜெட் பிரிண்டரில் அடியுங்கள். கறுத்த முகத்துக்கு மேட் பேப்பர் வேண்டாம், அதில் கருப்பு ஆழமாக இறங்காது. லேசான பளபளப்புள்ள பேப்பரில் நிழலுக்குள் இருக்கும் விவரமும் நிற்கும். போன் திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். திரை தானே ஒளிர்கிறது, பேப்பர் அறை வெளிச்சத்தை நம்பி இருக்கிறது. எனவே சின்னதாக ஒரு சோதனை அச்சு எடுத்து, அது தொங்கப் போகிற சுவரிலேயே பிடித்துப் பாருங்கள். வெளுக்க வேண்டும் என்று தோன்றினால் முகத்தைத் தொடாமல் அந்த இடத்து விளக்கை மாற்றிப் பாருங்கள்.

சாரல் அடிக்கிற மேற்குச் சுவரில் படம் வேண்டாம். அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை வைத்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கிடைக்கும். சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் பின்னால் சின்னக் கார்க் துண்டு ஒட்டுங்கள், காற்று போகும். சந்தனம் குங்குமம் வைப்பதைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆல்பம் அடிக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளருக்கு முதலில் காட்டுகிற பிரதியை வெளுக்காமல் காட்டுங்கள். கேட்டு வந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம், கேட்பதற்கு முன்னால் நாமே செய்ய வேண்டாம். தென்காசி, புனலூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது சொந்த வீட்டு முகம் ஒன்றை ரா ஃபைலாகக் கொண்டு வந்தால், உட்கார்ந்து சேர்ந்து அச்சிட்டுப் பார்க்க நான் தயார். பேப்பரும் மையும் என்னுடையது.