கணக்குக் கேட்டவனுக்கு நிக்காஹ் தஃப்தர் கிடையாதா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், கணக்குக் கேட்ட ஒரு பையனின் குடும்பத்தை விலக்கி வைத்து எங்கள் பள்ளிவாசலில் வாசிக்கப்பட்ட அறிவிப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். மொட்டை மாடியில் தனி ஜமாஅத்தாகக் கூடித் தொழுத இளைஞர்களைக் குழப்பவாதிகள் என்று நிர்வாகத்தில் ஒருவர் நேற்றுச் சொன்ன பிறகு பொறுக்க முடியவில்லை. அந்தப் பையன் கேட்டது பள்ளிவாசல் கடைகளின் வாடகைக் கணக்கு. அதற்காக அவன் குடும்பத்தின் சந்தாவை வாங்க மறுத்து, தங்கையின் திருமணத்தைப் பதியும் பதிவேடான நிக்காஹ் தஃப்தரைத் தர மாட்டோம் என்றும் அறிவித்தால், அவனுடைய கூட்டாளிகள் எந்த முகத்தோடு உங்கள் பின்னால் வந்து நிற்பார்கள்? அவர்களை மாடிக்கு அனுப்பியது உங்கள் அறிவிப்புதான்.

எல்லோருக்கும் ஒரு துணி கிடைத்திருக்க உங்களுக்கு மட்டும் இரண்டு எப்படி என்று கலீஃபா உமரிடம் ஒருவர் எழுந்து கேட்டதையும், தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாக மகன் அப்துல்லாஹ் சொன்ன பிறகே அவர் பேச்சைத் தொடர்ந்ததையும் எத்தனை பயான்களில், மார்க்கச் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம்! கலீஃபாவிடம் கேட்கலாம், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியிடம் கேட்கக் கூடாதா?

நாங்கள் முன்பு இருந்த ஊரில் என் காக்காவையும் (அண்ணனையும்) இப்படித்தான் விலக்கி வைத்தார்கள். அதே வருடம் வாப்பா மவுத்தானார். காக்கா மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் மையித்தைச் சுமந்துபோகும் சந்தூக் வரும் என்றார்கள். நண்பகல் லுஹருக்கு அடக்க வேண்டிய மையித்து மாலை அஸர் வரை வீட்டில் கிடந்தது. உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். காக்கா கையெழுத்துப் போட்டார். அதிகாலை பஜ்ர் தொழுகை தவறாத அந்த மனிதர் அன்றைக்குப் பிறகு பள்ளிவாசல் படி ஏறவில்லை. பதினாறு வருடங்கள் ஆகிவிட்டன. அவரை வெளியே தள்ளியது யார்?

கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஊர் கெட்டுவிடும் என்பீர்கள். ஏழைக் குமருக்குக் கல்யாணம் முடித்து வைத்ததும் ஊர் ஜமாஅத்தின் கட்டுப்பாடுதான். அதை நான் மறுக்கவில்லை. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவந்து எதிரிகளுக்குத் தீனி போடுகிறாய் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒலிபெருக்கியில் ஒரு குடும்பத்தின் பெயரை வாசித்தது நான் இல்லை.

2007இல் தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை அவர் எழுதியதற்காக ஊர்விலக்கம் செய்தார்கள். அவர் எழுதுவது நின்றதா? தலாக்கையும் வரதட்சணையையும் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு ஆண்களே பேசித் தீர்த்ததால்தான் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைத் தொடங்கினார். உள்ளே இடம் கொடுத்திருந்தால் அவர்கள் ஏன் தனியாகக் கூடப் போகிறார்கள்?

அந்தப் பெண்ணின் நிக்காஹ் வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் தஃப்தரை அந்த வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். மாடியில் தொழுகிற பிள்ளைகளை நானே போய் அழைத்து வருகிறேன்.