கிராம் பார்சன்ஸின் குரல் அழிக்கப்படவில்லை

அமெரிக்க ராக் இசைக்குழுவான தி பேர்ட்ஸின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ இசைத்தொகுப்பிலிருந்து, அப்போது அக்குழுவில் இருந்த பாடகர் கிராம் பார்சன்ஸ் பாடிய அனைத்தும் சட்டச் சிக்கலால் நீக்கப்பட்டன என்றும், 1968 ஆகஸ்டில் வெளியான இசைத்தட்டில் அவர் முதன்மைக் குரலாக எங்குமே ஒலிக்கவில்லை என்றும் ஒரு தகவல் உலவுகிறது. இது தவறு.

லீ ஹேசில்வுட்டின் இசைத்தட்டு நிறுவனத்துடன் பார்சன்ஸுக்கு முன்பே ஒப்பந்தம் இருந்ததும், அதைக் காட்டி ஆட்சேபம் எழுந்ததும் உண்மையே. அதையடுத்து ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ உள்ளிட்ட மூன்று பாடல்களில் பார்சன்ஸின் குரலுக்குப் பதிலாகக் குழுவின் மற்ற உறுப்பினர்களான ரோஜர் மெக்வின், கிறிஸ் ஹில்மன் ஆகியோரின் குரல்கள் இடம்பெற்றன. ஆனால் ‘ஹிக்கரி விண்ட்’, ‘யூ ஆர் ஸ்டில் ஆன் மை மைண்ட்’, ‘லைஃப் இன் பிரிசன்’ ஆகிய மூன்றும் பார்சன்ஸின் குரலிலேயே வெளிவந்தன. அவற்றுள் ‘ஹிக்கரி விண்ட்’, தென் கரோலினாவின் மரங்களை நினைத்து ஏங்கும் பாடல். பெடல் ஸ்டீல் கிட்டாரின் இழுவைக்கு நடுவே சற்றே நடுங்கும் அந்தக் குரலை ஒருமுறை கேட்டவர் வேறொருவருடையது என்று எண்ண வழியில்லை. தொகுப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மாற்றப்பட்ட பாடல்களின் மூல ஒலிப்பதிவுகளும் அழிந்துவிடவில்லை; அவர் பாடிய வடிவங்கள் பிற்கால மறுவெளியீடுகளில், குறிப்பாக 2003ஆம் ஆண்டின் இரட்டைக் குறுந்தட்டுப் பதிப்பில், கேட்கக் கிடைக்கின்றன. குரல்களை மாற்றியதற்குச் சட்ட அச்சம் மட்டுமே காரணமன்று, தொகுப்பு முழுக்கப் பார்சன்ஸுடையதாகிவிடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது எனத் தயாரிப்பாளர் கேரி அஷர் பின்னாளில் கூறியிருக்கிறார்.